மணலில் முன்சக்கரம் புதைகிறதா?

இடைவெளிக்குப் பிறகு சைக்ளோகிராஸுக்கு (சேறு, மணல், புல்லில் ஓட்டும் சைக்கிள் பந்தயம்) திரும்புகிறேன், மணலில் முன்சக்கரம் புதைந்து நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் டயரில் காற்றைக் குறையுங்கள் சார். ஈசிஆர் தார்ச்சாலைக்கு அடித்த 60 பிஎஸ்ஐயோடு மணலில் இறங்கினால் எந்த வண்டியும் புதையும். 33 மிமீ அகல டியூப்லெஸ் டயர் என்றால் 25-க்குக் கீழேயே போகலாம். உள்ளே டியூப் என்றால் அவ்வளவு குறைக்க வேண்டாம், ரிம் டியூபைக் கடித்துப் பஞ்சராகும்.

மணலுக்கு முன்பே வேகமெடுத்து, உடம்பைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடியுங்கள். சக்கரம் அதுபாட்டுக்கு அலையட்டும், மிதிப்பதை நிறுத்தாதீர்கள். வேகம் செத்துவிட்டதா, இறங்கி ஓடுங்கள். இதில் வெட்கமே இல்லை. பெல்ஜியத்தின் கொக்ஸைடே மணல்மேடுகளில் நடக்கும் பந்தயத்தில் பெரிய வீரர்களே இறங்கி ஓடத்தான் செய்கிறார்கள்.

பயிற்சிக்குத் திருவான்மியூர் கடற்கரை, வெயில் ஏறுமுன். அப்புறம் செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள், உப்புக்காற்று சும்மா விடாது.