காரைக்குடி டு கோயம்புத்தூர் 380 ஜிபி: பஸ்ல போடலாமா, நெட்ல அனுப்பலாமா

கேள்வி: வணக்கம் சார். காரைக்குடில கல்யாண வீடியோ எடுக்குறேன். ரிசப்ஷனும் சேத்து மூணு கேமரா, ஒரு கல்யாணத்துக்கு 380 ஜிபி வந்துடுது. எடிட்டர் கோயம்புத்தூர்ல வீட்ல இருந்தே வேலை பாக்குறார். இதுவரைக்கும் ஹார்ட் டிஸ்க்க பஸ் பார்சல்ல போட்டு விட்டுட்டு இருந்தேன், போன மாசம் ஒண்ணு அடிபட்டு போய் சேந்துச்சு. ஆன்லைன் டிரைவ்ல ஃப்ரீயா குடுக்குற இடம் பத்தல, காசு கட்டினாலும் நான் ஏத்தி முடிச்சு அவர் மறுபடி இறக்கணும். என் கம்ப்யூட்டர்ல இருந்து நேரா அவர் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வழி இருக்கா? எங்க வீட்ல 100 எம்பிபிஎஸ் ப்ளான்.

பதில்: வழி இருக்குங்க. ஆனா அதுக்கு முன்னாடி கணக்கு போட்டுடலாம், பாதி பேரு இங்கயே ஏமாந்துடுறாங்க. எம்பிபிஎஸ்னா டாக்டர் படிப்பு இல்ல, செகண்டுக்கு எத்தன மெகாபிட்னு அர்த்தம். ஃபைல் சைஸ் பைட்ல இருக்கும், எட்டு பிட் சேந்தாதான் ஒரு பைட், அதனால 100ங்கிறது செகண்டுக்கு 12.5 எம்பிதான். அதுவும் டவுன்லோடுக்கு. நீங்க அனுப்புற ஆளு, உங்களுக்கு வேண்டியது அப்லோடு, அது எவ்ளோன்னு ப்ளான் போஸ்டர்ல பெருசா போட மாட்டாங்க. நல்ல ஃபைபர் லைன்னா ரெண்டும் ஒண்ணாவே இருக்கும், கேபிள் வழியா வர்ற நெட்ல அப்லோடு பாவமா இருக்கும். ஸ்பீடு டெஸ்ட் ஒண்ணு போடுங்க, வைஃபைல வேண்டாம், ரௌட்டர்ல இருந்து லேன் கேபிள் சொருகி போடுங்க. அப்லோடு 40 வருதுன்னு வைங்க, செகண்டுக்கு 5 எம்பி, 380 ஜிபிக்கு 76,000 செகண்டு, அதாவது 21 மணி நேரம். இதுவே எல்லாம் ஒழுங்கா நடந்தா.

இப்ப உங்க பஸ்ஸுக்கும் இதே கணக்க போடுங்க. டிஸ்க்ல காப்பி பண்ண ஒரு மணி நேரம், அங்க இறக்க ஒரு மணி நேரம், நடுவுல பஸ் ஒரு ஏழு மணி நேரம்னு வச்சுக்கிட்டா மொத்தம் ஒம்பது மணி நேரம். 380 ஜிபிய ஒம்பது மணி நேரத்துக்கு வகுத்தா கிட்டத்தட்ட 94 எம்பிபிஎஸ் வருது. அதாவது உங்க பஸ்ஸு உங்க நெட்ட விட ரெண்டு மடங்கு வேகம், அதனால பஸ்ஸ மட்டமா நினைக்காதீங்க. வாரம் ஒரு கல்யாணம்தான்னா டிஸ்க்க நல்ல ஃபோம் கேஸ்ல போட்டோ, இல்ல அடி தாங்குற எஸ்எஸ்டி வாங்கியோ அனுப்புறதும் சரியான பதில்தான். நெட்ல அனுப்புறதோட லாபம் வேகம் இல்ல, நீங்க தூங்கும்போது அது பாட்டுக்கு போகும், பஸ் ஸ்டாண்டுக்கு அலைய வேண்டாம், அவ்ளோதான்.

21 மணி நேரம்னா நடுவுல ஒரு தடவையாவது நெட் கட்டாகும், கரண்ட் போகும். நம்ம ஊர்ல மாசாந்திர பராமரிப்புன்னு காலைல நிறுத்துனா சாயங்காலம்தான் விடுவாங்க. அதனால எது ஃபாஸ்ட்டுன்னு தேடாதீங்க, அறுந்தா விட்ட எடத்துல இருந்து தொடருமா, போய் சேந்தது சரியான்னு அதுவே பாத்துக்குமா, இந்த ரெண்டையும் செய்யுற சாஃப்ட்வேரா தேடுங்க. ப்ரௌசர்ல இழுத்து போடுற சைட்டு நெறையது 300 ஜிபில அறுந்தா மறுபடி சைபர்ல இருந்துதான். ரெண்டு கம்ப்யூட்டரையும் விபிஎன்ல (தூரத்துல இருக்கிற ரெண்டையும் ஒரே நெட்வொர்க்ல இருக்கிற மாதிரி ஆக்குறது) இணைச்சு விண்டோஸ் ஷேர்டு ஃபோல்டர்ல காப்பி பேஸ்ட் பண்ணாலும் அதே கதிதான், இதுக்கு நீங்க பஸ்லயே போகலாம்.

உங்க கேஸுக்கு நான் சொல்றது சிங்க்திங். இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ் மேக் லினக்ஸ் எல்லாத்துலயும் ஓடும். நடுவுல யாரோட டிரைவும் கிடையாது, உங்க டிஸ்க்ல இருந்து அவர் டிஸ்க்குக்கு, வழி முழுக்க பூட்டி போகும், யாரும் பிரிச்சு பாக்க முடியாது. ஃபைல துண்டு துண்டா வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை மாதிரி எடுத்து வச்சுக்கும், கைரேகை ஒத்துப்போற துண்டத்தான் எடுத்துக்கும், அதனால நெட் பத்து தடவ அறுந்தாலும் மிச்சம் இருக்கிற துண்டு மட்டும்தான் வரும். ரெண்டு பேரும் இன்ஸ்டால் பண்ணுங்க, ப்ரௌசர்ல ஒரு பக்கம் தெறக்கும், அதுல நீளமா ஒரு டிவைஸ் ஐடி இருக்கும். ஒருத்தர் ஐடிய இன்னொருத்தர் சேத்துக்கணும், அப்புறம் நீங்க கல்யாண ஃபோல்டர ஷேர் பண்ணணும், அவர் அக்செப்ட் பண்ணணும். உங்க பக்கம் ஃபோல்டர் டைப் சென்ட் ஒன்லி, அவர் பக்கம் ரிசீவ் ஒன்லி. சேத்த உடனே ஒரு எம்பி கூட நகராம ஸ்கேனிங்னு காட்டிட்டே இருக்கும், பயப்படாதீங்க, அது 380 ஜிபியையும் படிச்சு கைரேகை எடுக்குது, பழைய ஹார்ட் டிஸ்க்னா ஒரு மணி நேரத்துக்கு மேலயே ஆகும்.

இங்க ஒரு ஆபத்து இருக்கு, நான் பட்டது. இது அனுப்புற சாஃப்ட்வேர் இல்ல, ரெண்டு பக்கமும் ஒண்ணா வச்சுக்கிற சாஃப்ட்வேர். ஃபைல் எல்லாம் போய் சேந்துடுச்சு, நம்ம டிஸ்க்ல இடம் இல்லையேன்னு நீங்க உங்க பக்கம் அழிச்சீங்கன்னா அடுத்த நிமிஷம் அவர் பக்கமும் அழிஞ்சுடும். ஆரம்பத்துல நான் அப்படித்தான் ஒரு முழு ஃபோல்டர அழிச்சேன், தப்பு என்னுதுதான், மெமரி கார்டுல இன்னும் இருந்ததால தப்பிச்சேன். போய் முடிஞ்சதும் அவர் தன் பக்கம் அந்த ஃபோல்டர சிங்க்திங்ல இருந்து ரிமூவ் பண்ணிடணும், ரிமூவ் பண்ணா லிஸ்ட்ல இருந்துதான் போகும், டிஸ்க்ல ஃபைல் அப்படியே இருக்கும். அதுக்கப்புறம்தான் நீங்க உங்க பக்கம் கை வைக்கணும்.

அடுத்தது தலைவலி புடிச்ச விஷயம். செட்டப் எல்லாம் பண்ணி பாத்தா சில பேருக்கு செகண்டுக்கு அரை எம்பி கூட வராது, சாஃப்ட்வேர திட்டுவாங்க, அது காரணம் இல்ல. அவங்கவங்க டிவைஸ் பேரு கீழ கனெக்‌ஷன் டைப்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அதுல ரிலேன்னு இருந்தா ரெண்டு கம்ப்யூட்டரும் நேரா பேசல, நடுவுல யாரோ தானமா ஓட்டுற ஒரு சர்வர் வழியா போகுது, அது மெதுவாத்தான் இருக்கும். டிசிபின்னோ க்விக்னோ இருந்தா நேர் வழி.

ஏன் நேரா பேச முடியலன்னா, நம்ம நெட் கம்பெனிகள் நெறைய பேரு வீட்டுக்கு தனி அட்ரஸ் குடுக்குறதில்ல, ஐபி அட்ரஸ்னு சொல்ற நெட் நம்பருக்கு தட்டுப்பாடு, நம்ம ஆசியா பக்கத்துக்குன்னு இருந்த பழைய ரக அட்ரஸ் 2011லயே கடைசி கட்டத்துக்கு வந்துடுச்சு. அதனால நூத்துக்கணக்கான வீட்ட ஒரே அட்ரஸுக்கு பின்னாடி வச்சிருக்காங்க, சிஜிநேட்னு பேரு. பெரிய அபார்ட்மென்ட்டும் கேட்டுல ஒரு வாட்ச்மேனும்னு நினைச்சுக்கோங்க. உள்ள இருந்து நீங்க ஆர்டர் போட்டா அந்த பார்சல் வரும்போது உங்க வீட்டுக்குன்னு அவருக்கு தெரியும், விடுவாரு. யாரும் சொல்லாம வெளில இருந்து ஒருத்தர் வந்து நின்னா எந்த வீடுன்னே அவருக்கு தெரியாது, திருப்பி அனுப்பிடுவாரு. உங்களுக்கும் இப்படித்தானான்னு பாக்க ரௌட்டர் பக்கத்துக்குள்ள போய் வேன் ஐபிய, அதாவது நெட் கம்பெனி உங்க ரௌட்டருக்கு குடுத்த அட்ரஸ பாருங்க. 100.64ல இருந்து 100.127 வரைக்கும் ஏதாவது ஒண்ணுல ஆரம்பிச்சா சிஜிநேட்தான், அதுக்குன்னே ஒதுக்கி வச்ச நம்பர் அது. சில கம்பெனி 10ல ஆரம்பிக்கிற நம்பர் குடுக்கும், அதுவும் அதே கதைதான். யூடியூப் பாத்து போர்ட் ஃபார்வர்டிங் (வெளில இருந்து வர்றத நேரா உங்க கம்ப்யூட்டருக்கு விடச் சொல்ற ரௌட்டர் செட்டிங்) பண்ணேன் வேலை செய்யலன்னு வர்றவங்கள்ல பாதி பேரு இந்த கேஸ்தான், உங்க வீட்டு கதவ தெறந்து வச்சு என்ன பண்றது, கேட்ல விட்டாத்தானே.

இதுக்கு மூணு வழி. முதல்ல ஐபிவி 6 ரெண்டு வீட்லயும் ஆன்ல இருக்கான்னு பாருங்க, அது புது ரக அட்ரஸ், தட்டுப்பாடே கிடையாது, ரெண்டு பக்கமும் இருந்தா வாட்ச்மேன் கதையே இல்ல, ரௌட்டரோட ஃபயர்வால் மட்டும் தடுக்காம பாத்துக்கணும். பல தடவ ரௌட்டர் செட்டிங்ல ஒரு டிக் போட்டதோட வேலை முடிஞ்சிருக்கு. ரெண்டாவது டெயில்ஸ்கேல்ங்கிற சாஃப்ட்வேர், ரெண்டு கம்ப்யூட்டர்லயும் போட்டு ஒரே அக்கவுன்ட்ல லாகின் பண்ணா ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல கேட்டுக்கு அனுப்பி ஒருத்தர ஒருத்தர் எதிர்பாக்குற மாதிரி செட் பண்ணிடும், வாட்ச்மேன் ரெண்டையும் பதில் பார்சல்னு நினைச்சு விட்டுடுவாரு. இது எல்லா நேரமும் பலிக்காது, பலிக்காட்டி அதுவும் ரிலேக்குத்தான் போகும், ஆனா பலிக்கிறது ஜாஸ்தி. அதுக்கு மேல சிங்க்திங்க ஓட்டிக்கலாம். மூணாவது, ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் நெட் கம்பெனிட்ட காசு கட்டி ஸ்டாட்டிக் ஐபி, அதாவது அந்த வீட்டுக்குன்னே மாறாத தனி அட்ரஸ் வாங்குறது, ரெண்டு பேரும் வாங்கணும்னு இல்ல, ஒரு வீட்டு கதவு தெறந்திருந்தா போதும். மாசம் பூரா கல்யாணம்னா எடிட்டர் பக்கம் வாங்குங்க, அவருக்கு நாலு பேரு அனுப்புவாங்கல்ல.

டோரண்ட்ல அனுப்பலாமேன்னு யாராவது சொல்வாங்க. தப்பில்ல, 2001ல இருந்து இருக்கிற டெக்னிக், அதுவும் துண்டு துண்டா சரி பாத்துதான் அனுப்பும், ஆனா அதுக்கும் ஒரு பக்கம் கதவு தெறந்திருக்கணும், ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புது டோரண்ட் உண்டாக்கணும். ஒரே ஒரு ஃபைல எப்பவாச்சும் அனுப்பணும்னா க்ராக்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, கோட் வார்த்தைய சொன்னா எதிர்ப்பக்கம் எடுத்துக்கும், ஆனா அது கருப்பு ஸ்க்ரீன்ல டைப் பண்றது.

அப்புறம் சில்லறை விஷயம், ஆனா இதுலதான் பாதி பேரு மாட்டுறாங்க. எடிட்டரோட டிஸ்க் ஃபேட்32 ஃபார்மேட்ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைலும் ஏறாது, எக்ஸ்ஃபேட்டோ என்டிஎஃப்எஸ்ஸோ இருக்கணும். வீடியோவ ஜிப் பண்ணி அனுப்பாதீங்க, கேமராவே அமுக்கித்தான் வச்சிருக்கு, ஜிப் பண்ணா ஒரு ராத்திரி வீணாகும், சைஸ் குறையாது. விண்டோஸ்ல ஸ்லீப்ப ஆஃப் பண்ணுங்க, இல்லாட்டி நீங்க தூங்கப் போன அரை மணில அதுவும் தூங்கிடும். ரௌட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் போடுங்க, ஒரு நிமிஷ கரண்ட் கட்டுக்கெல்லாம் லைன் போய் வர வேண்டாம். அப்லோட முழுசா திறந்து விட்டா வீட்ல ஒரு வாட்ஸாப் கால் கூட பேச முடியாது, அதனால செட்டிங்ஸ்ல அவுட்கோயிங் ரேட் லிமிட்ல 4000 போடுங்க, அங்க கணக்கு கிலோபைட்ல, அதாவது செகண்டுக்கு சுமார் 4 எம்பி, 40 எம்பிபிஎஸ்ல இது எண்பது சதவீதம் சுமார், 26 மணி நேரம் ஆகும் பரவால்ல, வீட்ல திட்டு விழாது.

அன்லிமிட்டெட்னு சொல்ற ப்ளான்லயும் மாசத்துக்கு ஒரு வரம்பு இருக்கும், பல ப்ளான்ல 3300 ஜிபி, அதுல அப்லோடும் சேத்துதான் எண்ணுவாங்க. வைகாசி மாதிரி முகூர்த்த மாசத்துல எட்டு கல்யாணம் வந்தா அதுவே 3040 ஜிபி, மிச்சத்துல வீட்டுக்காரங்க சீரியல் பாக்கணும்.

அதோட, 380 ஜிபியும் வர்ற வரைக்கும் எடிட்டர் சும்மா உக்காந்திருக்கணும்னு இல்ல. ப்ராக்ஸி எடுத்து முதல்ல அனுப்புங்க, அதே க்ளிப்புகளோட சின்ன சைஸ் காப்பி, பெரும்பாலும் பத்து இருபது ஜிபிக்குள்ள முடிஞ்சுடும், ராத்திரிக்குள்ள போய்டும். அவர் காலைல அத வச்சு கட் பண்ண ஆரம்பிச்சுடலாம், ஒரிஜினல் வந்ததும் மாத்தி இணைச்சுக்கலாம், பெரிய எடிட்டிங் சாஃப்ட்வேர் பலதும் இத செய்யும். ஃபைல் பேர மட்டும் ரெண்டுலயும் ஒண்ணா வைங்க. சிங்க்திங் சும்மா விட்டா எந்த ஃபைல் முதல்ல வரும்னு சொல்ல முடியாது, அவர் பக்கம் ஃபைல் புல் ஆர்டர்ல ஓல்டஸ்ட் ஃபர்ஸ்ட்னு மாத்தினா மாப்பிள்ளை அழைப்பு முதல்ல வரும், தாலி கட்டுறது அப்புறம் வரும்.

எல்லாம் போய் சேந்து, அவர் பக்கம் ஃபோல்டர் அப் டு டேட்னு காட்டி, அவர் அத ரிமூவும் பண்ணி, ஒரு பத்து க்ளிப்பாவது அங்கங்க தெறந்து ஓட்டி பாத்துட்டேன்னு போன்ல சொன்ன அப்புறம் மெமரி கார்டுகள ஃபார்மேட் பண்ணுங்க. அதுவரைக்கும் கார்டு பீரோவுலயே இருக்கட்டும்.