பூஜ்ஜியம்: கேளுங்க, சொல்றேன்

கோபிசெட்டிபாளையம், பள்ளி ஆசிரியை: ஏனுங்க, பூஜ்ஜியத்தைக் கண்டுபிடிச்சது ஆரியபட்டர்னு பசங்களுக்குச் சொல்லலாமுங்களா?

வேண்டாமுங்க. அவர் எண்களை எழுத்துகளால் குறித்தார். பூஜ்ஜியத்துக்கு அவரிடம் தனிக் குறி இல்லை. காலி இடத்தைக் காட்டும் குறி பாபிலோனியரிடமே இருந்தது. பூஜ்ஜியத்தையே ஓர் எண்ணாக வைத்துக் கூட்டல், கழித்தல், பெருக்கலுக்கு விதி எழுதியவர் கணித அறிஞர் பிரம்மகுப்தர், கி.பி. 628-இல். சொத்தும் அதே அளவு கடனும் சேர்ந்தால் பூஜ்ஜியம் என்றார். 0÷0 = 0 என்றதுதான் அவர் சறுக்கிய இடம்.

அவிநாசி: நம்ம பக்கத்துக் கோயில் கல்வெட்டுல பூஜ்ஜியம் தேடுனா கிடைக்குங்களா?

பழைய தமிழ் எண்முறைக்கு அது தேவையே இல்லைங்க. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறி உண்டு. 205 என்றால் ௨௱௫, 250 என்றால் ௨௱௫௰. குறிக்கு இடப்பக்கம் இருப்பதைப் பெருக்கி, வலப்பக்கம் இருப்பதைக் கூட்டுங்கள். புதிதாகப் படிப்பவர்கள் ௰-ஐ ‘ய’ என்றும் ௨-ஐ ‘உ’ என்றும் எடுத்துக்கொண்டு வரியையே குழப்பிவிடுவார்கள். ௨௦௫ என்று வட்டம் போடுவது பிற்கால வழக்கம். கணினி எழுத்துருத் தரமான யூனிகோடில் தமிழ்ப் பூஜ்ஜியம் சேர்ந்ததே 2005-இல்தான்.

கல்லில் பார்க்க வேண்டுமென்றால் குவாலியர் சதுர்புஜர் கோயிலுக்குப் போங்க. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. 270 முழத் தோட்டம், தினம் 50 மாலை என்ற இரண்டு எண்களிலும் சின்ன வட்டம் தெளிவாக இருக்கும். கம்போடியாவில் சக ஆண்டு 605-ஐக் (கி.பி. 683) குறிக்கும் கல்வெட்டில் அதுவே ஒரு புள்ளி.

திருப்பூர், பனியன் கம்பெனி கணக்கர்: பூஜ்ஜியத்தால வகுத்தா கால்குலேட்டர் ஏனுங்க எரர் காட்டுது?

12÷3 என்பது 12-இல் இருந்து 3-ஐ எத்தனை முறை கழிக்கலாம் என்ற கேள்வி. நாலு முறை, முடிந்தது. 0-ஐக் கழித்துக்கொண்டே இருந்தால் 12 அப்படியே நிற்கும், விடையே கிடையாது. 0÷0-க்குச் சிக்கல் நேரெதிர்: எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தும். எக்செல்லில் சராசரி விலை போடும்போது உருப்படி எண்ணிக்கைக் கட்டம் காலியாக இருந்தாலும் இதே எரர்தான் வரும், அதை முதலில் பாருங்க.

ஈரோடு, மஞ்சள் வியாபாரி: எலெக்ட்ரானிக் தராசுல சாக்கு வெச்சு ‘டேர்’ அழுத்துனா பூஜ்ஜியம் வருது. நம்பலாமுங்களா?

சாக்கு மாறாத வரை நம்பலாமுங்க. 800 கிராம் சாக்குக்கு டேர் போட்டுவிட்டு 500 கிராம் சாக்கில் நிறைத்தால், தராசு 50 கிலோ காட்டும்போது உள்ளே 50 கிலோ 300 கிராம் மஞ்சள் இருக்கும். நட்டம் விற்பவருக்கு. சோதிப்பது சுலபம்: எல்லாவற்றையும் இறக்கினால் -0.800 காட்ட வேண்டும். அந்தக் கழித்தல் குறிதான் பிரம்மகுப்தர் சொன்ன கடன்.

பொள்ளாச்சி: கி.மு. 10-லிருந்து கி.பி. 10 வரைக்கும் 20 வருசம்தானுங்களே?

19 தானுங்க. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1; நடுவில் பூஜ்ஜிய ஆண்டு கிடையாது.