2008 வெள்ளம், 2009 பணம்: கணக்கில் பிழையா?

பிழை இல்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வெள்ளம் வந்தது 2008 ஜூனில், ஆனால் உங்கள் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வாரியான பட்டியலில் அவசரகால நிலப் பாதுகாப்புத் திட்டத் தொகை (பேரிடரில் கெட்ட விளைநிலத்தைச் சீரமைக்க அமெரிக்க அரசு தரும் உதவி) பெரும்பாலும் 2009இல் இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். அது பணம் கொடுத்த ஆண்டு, பேரிடர் நடந்த ஆண்டு அல்ல.

இந்தத் திட்டம் பொதுவாகச் செலவைத் திருப்பித் தருவதுதான். விவசாயி விண்ணப்பிக்க வேண்டும், அலுவலர் வந்து நிலத்தைப் பார்க்க வேண்டும், வேலையை முடித்து ரசீது கொடுக்க வேண்டும். வெள்ளம் வடிந்த மக்காச்சோள வயலை நினைத்துப் பாருங்கள்: முழங்கால் அளவு மணல், வேலிக் கம்பியில் சிக்கிய தட்டைகள், டிராக்டர் இறங்க முடியாத சேறு. அதைச் சரிசெய்யவே ஒரு பருவம் போய்விடும்.

சரிபார்க்க ஒரு வழி: 2008, 2009, 2010 மூன்றையும் கூட்டி, வெள்ளம் வராத கவுண்டி ஒன்றின் அதே ஆண்டுகளோடு ஒப்பிடுங்கள். அப்புறம், திட்டத்தை நடத்தும் அமெரிக்க வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமையிடம் அந்நாட்டுத் தகவல் சுதந்திரச் சட்டப்படி ஒப்புதல் தேதிகளையும் கேட்கலாம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. அந்தத் தொகையைச் சேத மதிப்பாக எழுதிவிடாதீர்கள். சீரமைப்புச் செலவில் அரசு தருவது வழக்கமாக 75 சதவீதம் வரைதான், மிச்சம் விவசாயியின் கைக்காசு. அழிந்த பயிருக்கு இதில் ஒரு டாலர்கூடக் கிடையாது, அது பயிர்க் காப்பீடு போன்ற வேறு கணக்கு.