கராஜில் நிற்கும் மியாட்டாவை மகனோடு காலேஜுக்கு அனுப்பலாமா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறோம். மகனுக்கு 18 வயது. வருகிற ஆகஸ்டில் லப்பக்கில் டெக்சஸ் டெக் யுனிவர்சிட்டியில் சேர்கிறான். என் கணவர் பத்து வருடத்துக்கு முன் ஆசைப்பட்டு வாங்கிய 1999 மாடல் மாஸ்டா மியாட்டா கராஜில் நிற்கிறது. 1,18,000 மைல் ஓடியிருக்கிறது, கியர் வண்டி, துணிக் கூரை. இன்று விற்றால் 6,000 டாலர் கிடைக்கலாம். அதை மகனுக்குக் கொடுத்து அனுப்பலாம் என்கிறார் இவர். "வழியில் நின்றுபோனால் யார் ஓடுவது? விற்றுவிட்டு லோன் போட்டு ஒரு புது கொரோலா வாங்கிக் கொடுப்போம்" என்கிறேன் நான். செலவு வந்தால் மகனின் 529 கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கலாம் என்றும் ஒரு யோசனை. எது சரி?

பதில்: உங்கள் கணவர் அந்த வண்டியை விற்காமலிருக்க மகனைச் சாக்காக வைக்கிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இருந்தாலும் கணக்கு அவர் பக்கம்தான் சாய்கிறது, ஒரு நிபந்தனையோடு.

முதலில் கொரோலாவைப் பார்ப்போம். 25,000 டாலர் வண்டிக்கு 5,000 முன்பணம் போக 20,000 லோன், 7 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் மாதத் தவணை 396 டாலர். நாலு வருடப் படிப்புக்குள் தவணையாக மட்டும் 19,000 டாலர் போயிருக்கும், அதற்குப் பிறகும் ஒரு வருடம் பாக்கி. லோன் கொடுத்தவர் முழு இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்வார், 18 வயதுப் பையன் பெயர் சேர்ந்த பாலிசியில் அது சும்மா இருக்காது. மூன்று வருடம் கழித்து அவன் வேறு ஊருக்கு இன்டர்ன்ஷிப் போனாலும் தவணை நிற்காது.

மியாட்டாவுக்கு மாதத் தவணை கிடையாது. ஆனால் அதனால் செலவே இல்லை என்று நினைப்பதுதான் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் வழுக்கி விழும் இடம். பழைய வண்டியின் ரிப்பேர் "திடீர்ச் செலவு" அல்ல. வரும் என்பது உறுதி, எந்தக் கிழமை வரும் என்பதுதான் தெரியாது. தெரிந்த செலவுக்கு நாமே நமக்குத் தவணை கட்டிக்கொள்ள வேண்டும். மாதம் 125 டாலர், தனியாக ஒரு சேவிங்ஸ் கணக்கில், ஆட்டோமேட்டிக்காகப் போகும்படி வையுங்கள். நாலு வருடத்தில் 6,000. கிளம்புவதற்கு முன் ஒரு தடவை 2,000 டாலர் வாக்கில் செலவு. மொத்தம் 8,000, அதுவும் எல்லாம் செலவானால்.

இந்தக் கணக்கு எனக்குப் பட்டுத் தெரிந்தது. மாணவனாக இருந்தபோது 900 டாலருக்கு ஒரு பழைய டொயோட்டா வாங்கினேன், மலிவாக முடித்துவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹைவேயில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறியது. இழுத்து வந்த டிரக் கொண்டு விட்ட கடையில் சொன்ன விலையைக் கொடுத்தேன், பேரம் பேச நமக்கு அங்கே வாய் ஏது? 640 டாலர் கிரெடிட் கார்டில் தேய்த்தது, கட்டி முடிக்க பதினான்கு மாதம் ஆயிற்று. இவ்வளவுக்கும் போனது ஒரு ரப்பர் ஹோஸ். சொந்த ஊர் மெக்கானிக்கிடம் சாவகாசமாக மாற்றியிருந்தால் ஒரு வார மளிகைச் செலவோடு முடிந்திருக்கும்.

உங்கள் ஊரிலிருந்து லப்பக் 330 மைலுக்கு மேல். ஐ-20இல் ஸ்வீட்வாட்டர் வரை போய், அங்கிருந்து யு.எஸ். 84இல் ஸ்னைடர், போஸ்ட் வழியாகப் போகிற பாதை. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் பருத்திக் காடும் காற்றாலையும்தான். அதனால் வீட்டிலேயே மாற்றக்கூடியதை எல்லாம் வீட்டிலேயே மாற்றிவிடுங்கள்.

என்ஜின் பாகங்களை ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டிலிருந்து தொடங்குங்கள். இந்த என்ஜினுக்கு 60,000 மைலுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். 1,18,000 என்றால் இரண்டாவது பெல்ட்டின் ஆயுள் முடிகிற நேரம். முதல் பெல்ட்டாவது மாற்றப்பட்டதா என்று உங்கள் கணவரிடம் ரசீது கேளுங்கள். ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்பையும் மாற்றிவிடச் சொல்லுங்கள், பிறகு தனியாக மாற்றினால் அதே கூலியை இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 800 டாலர் ஒதுக்குங்கள்.

அடுத்தது ரேடியேட்டர். பானட்டைத் திறந்து அதன் மேல்பக்க பிளாஸ்டிக் தொட்டியை நீங்களே பாருங்கள். புதிதில் கருப்பாக இருக்கும். வெயிலும் சூடும் தின்று தின்று பழுப்பும் பச்சையுமாக நிறம் மாறியிருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது, ஒரு நாள் விரிசல் விட்டுத் தண்ணீரைக் கொட்டும். ஹோஸ்களோடு சேர்த்து மாற்ற 400 டாலர் போல ஆகும். லப்பக்கில் குளிர்காலம் உறைய வைக்கும், எனவே வெறும் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கும் பழக்கம் வீட்டில் இருந்தால் இத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

டயர் பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் எழுத்துவரிசையின் கடைசியில் நாலு எண் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்த டயர். கராஜில் நின்றே கிழடான டயர் அது. சின்ன சைஸ் என்பதால் இந்த வண்டிக்கு நாலு டயரும் 450 டாலருக்குள் முடியும். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியின் தேதியையும் பார்த்துவிடுங்கள், அது 1999லிருந்தே அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

மியாட்டாவில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. அதனால் வாயுவை வெளியேற்றும் குழாய் மாட்டக்கூடிய சீல்டு பேட்டரிதான் போட வேண்டும். கடையில் மலிவாகக் கிடைப்பதைத் திணித்தால் டிக்கிக்குள் ஆசிட் ஆவி சேரும். கிளட்ச் பெடல் ஒரு நாள் தரையோடு போய் ஒட்டிக்கொள்ளும், காரணம் கீழே இருக்கும் சின்ன ஸ்லேவ் சிலிண்டர் கசிவதுதான். பொருள் மலிவு, வழியில் போனால்தான் வலி. பிரேக் ஆயில், கிளட்ச் ஆயிலோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். சீட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் வடியும் துளைகள் இரண்டு இருக்கின்றன. இலை அடைத்தால் தண்ணீர் தேங்கிக் கதவுக்குக் கீழே தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். சுத்தம் பண்ண காசே வேண்டாம்.

நிபந்தனை என்றேனே, இதுதான்: இந்த வேலைக்கெல்லாம் முன்பாக ஒரு மெக்கானிக் வண்டியைத் தூக்கிப் பார்க்கட்டும். அடித்தகடு துரு தின்று போயிருந்தாலோ, என்ஜின் கம்ப்ரெஷன் சரியில்லை என்று சொன்னாலோ, ஒரு டாலர்கூடப் போடாமல் வந்த விலைக்கு விற்றுவிடுங்கள். அப்போதும் புதுக் கொரோலா வேண்டாம், நாலைந்து வருடப் பழையது போதும்.

இன்ஷூரன்ஸில்தான் பெரிய பணம் இருக்கிறது. டெக்சஸில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச லயபிலிட்டி (நம் வண்டியால் பிறருக்கு ஆகும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ்) ஒருவர் காயத்துக்கு 30,000, ஒரு விபத்தின் மொத்தக் காயத்துக்கு 60,000, பொருள் சேதத்துக்கு 25,000 டாலர். இன்று ரோட்டில் ஓடும் பிக்-அப் டிரக்குகளின் விலைக்கு 25,000 எந்த மூலைக்கு? வண்டி உங்கள் பெயரில், ஓட்டுவது உங்கள் மகன், வீடும் சேமிப்பும் உங்களுடையது. குறைந்தது 100,000, 300,000, 100,000 என்று ஏற்றுங்கள், முடிந்தால் அந்த வரம்பையும் தாண்டும் தொகைக்கு ஒரு அம்ப்ரெல்லா பாலிசியும் விசாரியுங்கள். இங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது.

மிச்சம் பிடிக்க வேண்டியது கொலிஷனில், அதாவது மோதலில் நம் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான இன்ஷூரன்ஸில். வண்டி விலை 6,000, டிடக்டிபிள் (முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை) 1,000 என்றால் வண்டியே நொறுங்கினாலும் கைக்கு வருவது 5,000தான். அதற்கு மட்டும் வருடம் 600 டாலருக்கு மேல் கேட்டால் பாலிசியிலிருந்து நீக்கிவிடுங்கள். மோதல் அல்லாத சேதத்துக்கான காம்ப்ரிஹென்சிவை மட்டும் விடாதீர்கள். லப்பக்கில் கல்மழை விழும், துணிக் கூரைக்கு அது பொருந்தாது. திருடன் கூரையைக் கிழிப்பதும் உண்டு. சீட்டின் மேல் பையோ சார்ஜரோ எதையும் வைக்காமல் இருப்பதுதான் அதற்கு மலிவான காப்பீடு.

வண்டி இனி லப்பக்கில் நிற்கும் என்று கம்பெனிக்கு எழுதித் தெரிவியுங்கள். இர்விங் முகவரியிலேயே ஓட்டினால் கிளெய்ம் வரும்போது கேள்வி வரும். நூறு மைலுக்கு அப்பால் வண்டி இல்லாமல் படிக்கிற பிள்ளைக்குப் பல கம்பெனிகள் தள்ளுபடி தருகின்றன. வண்டியை அனுப்பினால் அது போய்விடும், சராசரி பி கிரேடு வாங்கினால் கிடைக்கும் நல்ல மாணவர் தள்ளுபடி மட்டும் மிஞ்சும். இரண்டு விதமாகவும் கொட்டேஷன் வாங்கிப் பாருங்கள். வித்தியாசம் கண்ணைக் கட்டினால் முதல் செமஸ்டர் பஸ்ஸிலும் நண்பர்களோடும் போகட்டும், வண்டி ஜனவரியில் போகட்டும்.

வண்டிக்கு 25 வயது தாண்டியதால் ஆன்டிக் பிளேட் வாங்கினால் மலிவு என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், அந்தப் பிளேட் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான், தினமும் வகுப்புக்குப் போக அல்ல. வயதால் உங்களுக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் வேறு: 24 வயது தாண்டிய வண்டிக்கு டல்லாஸ் கவுண்டியில் புகைச் சோதனை கிடையாது. 2025 ஜனவரியிலிருந்து சொந்த வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனையையும் டெக்சஸ் எடுத்துவிட்டது. அதாவது வருடம் ஒரு முறை பிரேக்கைப் பார்த்துச் சொல்ல இனி யாரும் இல்லை. நீங்களே கூட்டிப்போய்க் காட்டினால்தான் உண்டு.

529 கணக்கில் கை வைக்காதீர்கள். கார் வாங்குவதும் ரிப்பேரும் அந்தக் கணக்கின் தகுதியான செலவில் வராது. எடுத்தால் அதன் லாபப் பகுதிக்கு வரியும் கட்டி, 10 சதவீத அபராதமும் கட்ட வேண்டும். ரிப்பேர் கணக்கை மகன் பெயரில் திறக்கவும் வேண்டாம். கல்லூரி நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்தின் கணக்கில் மாணவர் பெயரிலுள்ள சேமிப்பில் 20 சதவீதத்தைப் படிப்புக்குக் கொடுக்க முடியும் என்று எடுத்துக்கொள்வார்கள், பெற்றோர் பெயரிலுள்ளதில் அதிகபட்சம் 5.64 சதவீதம். குடும்பம் ஓட்டும் கார் அந்தப் படிவத்தில் வருவதே இல்லை.

பெட்ரோலும் பார்க்கிங் பர்மிட்டும் மகன் சம்பாதித்துக் கட்டட்டும். ரிப்பேரை மட்டும் அவன் தலையில் கட்டாதீர்கள். தன் பாக்கெட்டிலிருந்து போகும் என்று தெரிந்தால் வண்டியில் சத்தம் வருவதை உங்களிடம் சொல்ல மாட்டான், பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்பான். வழியில் நின்ற வண்டிக்கு உதவும் ட்ரிபிள் ஏ சங்கத்தில் பிளஸ் மெம்பர்ஷிப் ஒன்று எடுத்துக் கொடுங்கள், நூறு மைல் வரை இழுத்து வருவார்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து அந்தத் தூரத்துக்குள் எந்தக் கடை என்பதை அவன் முடிவு செய்யலாம், டிரக்காரர் அல்ல. வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள், நிற்கிற வண்டிதான் சீக்கிரம் கெடும்.

வேலையெல்லாம் முடிந்தபின் ஜூலையில் ஒரு நாள், நல்ல உச்சி வெயிலில், அப்பாவும் மகனும் லப்பக் வரை போய்த் திரும்பட்டும். மகன் ஓட்டட்டும், அப்பா டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்கட்டும். திரும்பியதும் கராஜ் தரையில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்து அதன் மேல் வண்டியை நிறுத்துங்கள். காலையில் காபியோடு போய்ப் பாருங்கள். அட்டையில் கறை இருந்தால் அது எந்த இடத்துக்கு நேர் கீழே என்று ஒரு வட்டம் போட்டு, அந்த அட்டையையே மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கும்.