பதில்: 45% குறைப்பு – எந்த நாளிதழ் சொல்வது சரி?

'2030க்குள் இந்தியா கார்பன் உமிழ்வை 45% குறைக்கும்' என்கிறது ஒரு நாளிதழ், 'உமிழ்வு கூடும்' என்கிறது இன்னொன்று. எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். பிழை முதலாவதில்தான்.

2022 ஆகஸ்டில் இந்தியா அறிவித்த இலக்கு மொத்த உமிழ்வுக்கானதே அல்ல. ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் உமிழ்வை 2005 அளவிலிருந்து 45% குறைப்பதுதான் அது. பொருளாதாரம் 3 மடங்கானால் 3 × 0.55 = 1.65. அதாவது, இலக்கை எட்டினாலும் மொத்த உமிழ்வு 65% கூடியிருக்கும்! தலைப்பில் இடம் போதாமல் 'ஜிடிபி'யை வெட்டிவிடுகிறார்கள், வினையே அங்குதான்.

'50% புதைபடிவமற்ற மின்சாரம்' (நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரிக்காமல் கிடைப்பது) என்று வரும் செய்தியையும் இப்படியே பாருங்கள். இலக்கு நிறுவுதிறனுக்கு, அதாவது நிலையங்களால் அதிகபட்சம் தர முடிந்த அளவுக்கு; உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்துக்கு அல்ல. சூரியத் தகடு இரவில் மின்சாரம் தராதே.

இந்தச் செய்திகளை ஒப்பிடும் உங்கள் அட்டவணையில் 'மொத்தமா, விகிதமா', 'அடிப்படை ஆண்டு' என இரண்டு பத்திகளைச் சேர்த்துவிடுங்கள்.