சூரியனைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகன் இந்த ஆண்டு தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். கடவுளுக்கு ஆதாரம் காட்டுங்கள் என்கிறான். "நாளைக்குச் சூரியன் உதிக்கும் என்பதற்கு உன்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? அதை நம்பித்தானே அலாரம் வைத்துத் தூங்குகிறாய்? என் பக்தியும் அந்த மாதிரி நம்பிக்கைதான்" என்றேன். பதில் பேசாமல் போய்விட்டான். நான் சொன்னது சரிதானே?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

"இதுவரை தினமும் உதித்ததே" என்று உங்கள் மகன் சொல்லியிருந்தால், "இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்று எப்படித் தெரியும்?" என்று நீங்கள் மடக்கியிருப்பீர்கள். அதற்கும் அவன் "இதுவரை அப்படித்தானே" என்றுதான் சொல்ல முடியும். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1739-இலும் 1748-இலும் வெளியிட்ட நூல்களில் இந்தச் சிக்கலைத்தான் எடுத்துவைத்தார். அவர் காட்டிய உதாரணங்களில் சூரியனும் உண்டு, ரொட்டியும் உண்டு. முன்பு சாப்பிட்ட ரொட்டி உடம்பில் ஒட்டியது. இன்றைய ரொட்டியும் அப்படியே ஒட்டும் என்பதைத் தர்க்கத்தால் நிரூபிக்க முடியாது. காலையில் நாம் பசியாறும் ரொட்டி சானாய்க்கும் இது பொருந்தும். எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விடை இன்றுவரை கிடைக்கவில்லை. உங்கள் மகன் வாயடைத்துப் போனதில் வியப்பில்லை.

ஆனால் ஐயா, இரண்டுக்கும் நிரூபணம் இல்லை என்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடாது.

இந்த எதிர்பார்ப்பு தர்க்கத்திலிருந்து வரவில்லை, பழக்கத்திலிருந்து வருகிறது என்று ஹியூமே சொன்னார். மெழுகுவர்த்திச் சுடரில் விரலைச் சுட்டுக்கொண்ட குழந்தை மறுபடி அதைத் தொடாது. யாரும் அதற்கு உபதேசம் செய்யவில்லை. அந்த எதிர்பார்ப்பை வேண்டாம் என்று ஒதுக்கவும் குழந்தையால் முடியாது. தண்ணீர்மலைக்கு வரமாட்டேன் என்று உங்கள் மகனால் சொல்ல முடிந்தது. தரையை நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவனால் வாசல்வரைகூட நடக்க முடியாது. மணிமேகலையில் இதற்கு அருமையான ஒரு இடம் உண்டு. கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டேன் என்னும் பூதவாதியிடம், உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய் என்று மணிமேகலை கேட்கிறாள். கேட்பவள் துறவி. அனுமானம் இல்லாமல் யாரும் வாழ முடியாது என்றுதான் காட்டினாளே தவிர, ஆகவே என் சமயத்தையும் ஏற்றுக்கொள் என்று அந்த இடத்தில் அவள் பேரம் பேசவில்லை.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். சுமத்ரா குறுக்கே கிடப்பதால் பெரிய அலை எதுவும் பினாங்கைத் தொடாது என்று இருந்தோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தது. இங்கே அடுக்குமாடிகளில் இருந்தவர்கள்கூட அந்த ஆட்டத்தை உணர்ந்தார்கள். ஆனாலும் கடலைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அலை சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி வளைந்து மலாக்கா நீரிணைக்குள் புகுந்து, மதியவாக்கில் நம் கரையை அடித்தது. விடுமுறை நாளென்று பிள்ளைகளோடு கடற்கரைக்கு வந்திருந்த குடும்பங்களும் சிக்கிக்கொண்டன. மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள்.

அப்புறம் என்ன செய்தோம்? சுமத்ரா காக்கும் என்ற எண்ணத்தைக் கைவிட்டோம். வானிலைத் துறை சுனாமி எச்சரிக்கை மையம் அமைத்தது, கரையோரத்தில் சைரன்கள் வந்தன. இயற்கைமீது வைக்கும் நம்பிக்கையின் குணம் இது. பொய்த்துவிட்டால் திருத்திக்கொள்வோம். திருத்தாமல் விட்டால் மறுபடி உயிர் போகும். கடலுக்குத் துரோகம் செய்துவிட்டோமே என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

அந்தத் துக்கத்துக்கு அடுத்த மாதமே தைப்பூசம் வந்தது. வேண்டியது கிடைக்காமல் போனபிறகும், பறிகொடுக்கக் கூடாததைப் பறிகொடுத்த பிறகும், பால்குடம் எடுத்துப் படியேறுகிறவர்களை நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம். சுமத்ராவை எடைபோட்டதுபோல் அவர்கள் முருகனை எடைபோட்டிருந்தால் முதல் துக்கத்திலேயே அவனை விட்டிருப்பார்கள். விடவில்லை. பக்தியில் கோபம் உண்டு, ஊடல் உண்டு, "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று அழுவது உண்டு. சூரியனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. உங்கள் பக்தியும் அலாரம் வைப்பதும் ஒன்றுதான் என்று நீங்களே சொன்னபோது, மகனை அல்ல, உங்கள் பக்தியைத்தான் தாழ்த்திப் பேசினீர்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இன்னொரு கவலையும் இருக்கிறது. "மாத்திரையையும் நம்பித்தானே விழுங்குகிறீர்கள், இதையும் நம்புங்கள்" என்று சொல்லி இன்சுலினை நிறுத்த வைப்பவர்களும் இதே வாதத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நீரிழிவு நம்மவரிடையே இவ்வளவு பரவியிருக்கும் நாட்டில் இது விளையாட்டுப் பேச்சல்ல. மருந்து வேலை செய்கிறதா என்று மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். செய்யவில்லை என்றால் மருத்துவர் மாற்றுவார். இப்படிச் சோதித்துப் பார்க்க முடியாத ஒன்றை அந்த மருந்துக்குச் சமமாக வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

உங்கள் மகனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எதற்கும் ஆதாரம் வேண்டும் என்று அவன் நினைத்தால், ஆதாரத்தை எடைபோடும் முறைக்கே அடியில் நிரூபிக்க முடியாத ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது என்பதை அவன் படிக்கட்டும். அது அறிவியலை வீழ்த்தாது. அவனைக் கொஞ்சம் பொறுமையாகப் பேச வைக்கும்.

நீங்கள் மறுபடி அவனிடம் பேசும்போது சூரியனை விட்டுவிடுங்கள். முதன்முதலில் எதற்காக வேண்டிக்கொண்டீர்கள், அது நடந்ததா, நடக்காதபோதும் ஏன் போனீர்கள் என்று சொல்லுங்கள். அப்போதும் அவன் மலைக்கு வராமல் போகலாம். வராவிட்டாலும் வற்புறுத்தாதீர்கள்.