ஆய்வாளர்களும் பொதுமக்களும்

கேள்வி: பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வைப் பொதுமக்களுக்கும் விளக்க வேண்டும் என்கிறார்களே, அது அவர்கள் வேலைதானா? எளிமைப்படுத்தினால் ஆய்வின் கனம் குறைந்துவிடாதா?

பதில்: அவர்கள் வேலைதான், புதிதாக முளைத்த வேலையும் அன்று. லண்டனில் உள்ள ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் 1825ஆம் ஆண்டு தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுத் தொடரில் பின்னாளில் பேசிய புகழ்பெற்ற அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே, ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, உருகிய மெழுகு திரி வழியே ஏறி ஆவியாகி எரிவதையும், சுடருக்கு மேலே பிடித்த குளிர்ந்த பாத்திரத்தின் அடியில் நீர்த்துளிகள் படிவதையும் சிறுவர்களுக்குக் காட்டியே வேதியியலை விளக்கினார். அதனால் அவருடைய ஆய்வுகளின் மதிப்பு எள்ளளவும் குறையவில்லை.

கனத்தைக் குறைப்பது வரம்புகளை மறைக்கும் பழக்கமே. எலிகளிடம் மட்டும் நடத்திய சோதனையை, நோய்க்கே மருந்து கிடைத்துவிட்டதாக அறிவிப்பது அத்தகையது. வருத்தம் என்னவென்றால், இந்த மிகைப்படுத்தல் சில வேளைகளில் பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்பிலேயே தொடங்கிவிடுகிறது. (பத்திரிகைகளும் தம் பங்குக்கு ஊதிப் பெருக்கும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை.)

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய போட்டியில், முனைவர் பட்ட மாணவர்கள் ஒரே ஒரு ஸ்லைடின் துணையோடு மூன்று நிமிடங்களில் தம் ஆய்வைச் சொல்ல வேண்டும். நல்ல பயிற்சிதான்; ஆனால் கேட்பவர் திருப்பிக் கேள்வி கேட்க நேரம் ஒதுக்காத பேச்சு பாதி வேலையே. அந்த நேரத்தைப் பேராசிரியர்கள் ஒதுக்க வேண்டுமானால், பதவி உயர்வுக்கு ஆய்விதழ்க் கட்டுரைகளை மட்டும் எண்ணும் குழுக்கள் இதையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.